பிள்ளையார் கழுத்தில் மூன்றாவது பரிசோதனை

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்கிறாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "கல்யாணத்துக்கு அப்புறமும் படிப்பேன்" என்று தட்டில் பலகாரத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நாங்களும் சரி என்று தலையாட்டினோம். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருசம் என்று நினைத்துத்தான் ஆட்டினோம். இது நாலாவது வருசம். பார்க்கிறவர்கள், "இன்னுமா படிக்குது?" என்று கேட்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நான் விட்டதையும் சேர்த்துப் படிக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதம் ஒரு தடவை வருவான். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. வீட்டில் நான், என் வீட்டுக்காரி, மருமகள் மூன்று பேர்தான்.

மருமகளின் ஆராய்ச்சியும் மல்லிகையைப் பற்றித்தான். விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறோம். சாயங்காலம் அது தானாக விரிந்துவிடும். விரிந்த பூ வெளியூருக்குத் தாங்காது. அதை இன்னும் ரெண்டு மணி நேரம் மொட்டாகவே நிறுத்தி வைக்க முடியுமா என்பதுதான் அவள் படிப்பு. நூறு மொட்டை ஒரு சரமாகக் கட்டுவாள். இப்படி நாலு சரம். சிவப்பு நூல் சரத்தை வெறும் தண்ணீரிலும், பச்சையைச் சர்க்கரைத் தண்ணீரிலும், நீலத்தைக் கேரம் போர்டுக்குப் போடுவார்களே, அந்தப் பவுடர் கரைத்த தண்ணீரிலும் முக்குவாள். வெள்ளை நூலுக்கு ஒன்றும் கிடையாது. அப்புறம் குளிர்பெட்டியில் வைத்து, சாயங்காலம் வெளியே எடுத்து, எதில் எத்தனை மொட்டு விரிந்திருக்கிறது என்று மணிக்கு ஒரு தரம் எண்ணி எழுதுவாள். இதற்கு நாலு வருசமா என்று எனக்கும் தோன்றியதுண்டு. வெளியே சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கென்று ஓர் உதவி மையம் இருக்கிறது. குளிர்பெட்டியை இரவல் கொடுத்தது அவர்கள்தான். அந்த மையம் இந்த வருசம் 'ஆய்வு மாணவர் வாரம்' என்று ஒன்று நடத்தியது. பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியைப் பெரிய அட்டையில் எழுதி மாட்டி வைக்க வேண்டும். நடுவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். எது நன்றாக இருக்கிறதோ அந்தப் பிள்ளையைப் பல்கலைக்கழகமே தன் செலவில் கவுகாத்தியில் நடக்கும் மாநாட்டுக்கு அனுப்பும். மருமகளின் கட்டுரையை அந்த மாநாட்டில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். போக வழிதான் இல்லை. சென்னையைத் தாண்டாத பெண். கவுகாத்தி எங்கே இருக்கிறது என்று காலண்டருக்குப் பின்னால் இருந்த இந்தியா படத்தில் எனக்கு விரல் வைத்துக் காட்டினாள். விரலை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரே பரிசோதனையை மூன்று தடவை செய்திருக்க வேண்டும். ரெண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது அந்த வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் மையத்தில் கொடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை விழா.

அந்த வெள்ளிக்கிழமை சங்கடஹர சதுர்த்தி. தவறு முழுக்க என்னுடையதுதான். இருந்தாலும் அன்றைக்குச் சதுர்த்தி என்பதையும் வாசிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சதுர்த்திக்கும் ஊர்ப் பிள்ளையாருக்கு எங்கள் தோட்டத்துப் பூதான் சாத்துவோம். அன்றைக்கு ஞாபகப் பிசகாக எல்லா மொட்டையும் மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டேன். மருமகள் அட்டை தயார் செய்யச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நாலு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, பூ இல்லாமல் எப்படிக் கோயிலுக்குப் போவது என்று தவித்துக்கொண்டு நின்றபோது குளிர்பெட்டி கண்ணில் பட்டது. திறந்தேன். ஈரத்துணியில் சுற்றிய நாலு சரம், ஒவ்வொரு நுனியிலும் ஒரு வண்ண நூல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இம்புட்டுப் படிப்புக்கு நடுவிலும் சதுர்த்தியை நினைவு வைத்துப் பூக்கட்டி வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். ஆராய்ச்சிக்கும் இதே நூல்தான் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. நாலையும் சேர்த்து ஒரே மாலையாக முடிந்து எடுத்துப் போனேன். அவள் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனையும் செய்தேன்.

ஐந்து மணிக்குத் திருநீறும் கொழுக்கட்டையுமாக வீடு திரும்பினேன். மருமகள் திறந்த பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இதுல இருந்த பூவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயி. உன் பேர்லயே பிள்ளையாருக்குச் சாத்திட்டேன்."

அவள் அழவில்லை. காலிப் பெட்டியை மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. கூட்டம் முடிந்து வந்த வீட்டுக்காரி விசயத்தைக் கேட்டதும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு பொட்டியத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டீகளா? ஆராய்ச்சிப் பூவுன்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"நூல் கட்டியிருந்துச்சே, மாலைன்னு நெனச்சேன்."

"ஆட்டுக்குக்கூடத்தான் நூல் கட்டியிருக்கு. அதையும் சாத்திட்டு வாங்க!" என்றவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ விடு தாயி. போன தடவை எழுதுனதையே அங்கிட்டு ரெண்டு, இங்கிட்டு ரெண்டு மாத்தி எழுதிக் குடுத்துரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அத்தே! அது பொய்க்கணக்கு. அதுக்கு நான் போகாமலேயே இருந்துக்குவேன்" என்று எழுந்தவள் நோட்டை எடுத்தாள். "மாமா, வண்டியில ஏறுங்க. பூ எங்க இருக்கோ அங்க போய் எண்ணுவோம்."

வீட்டுக்காரியும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி எனக்குப் பங்காளி முறை. மாலையைத் திருப்பிக் கொடுக்கும்படி மெதுவாகக் கேட்டேன்.

"என்னப்பு, வெளையாடுறியா? சாத்துனது சாத்துனதுதான். காலையில வா, களைஞ்சு தாரேன்."

"காலையில எல்லாம் விரிஞ்சு போயிருமுங்க ஐயா" என்றாள் மருமகள்.

"பூவுன்னா விரியத்தான் செய்யும்."

"அது எப்ப விரியுதுன்னு பாக்கத்தான் ஐயா நாலு வருசமாப் படிக்கிறேன்."

பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கே மனசு இளகிவிட்டது. மாலையைத் தொட்டுக் கலைக்காமல், அவரே உள்ளே நின்று எண்ணிச் சொல்வது, மருமகள் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று.

"செவப்பு ஒம்பது. வெள்ளை பதிமூணு. பச்சை ஏழு… இரு தாயி, தும்பிக்கை மறைக்குது. தும்பிக்கைக்குப் பின்னாடி ரெண்டு. ஆக, பச்சை ஒம்பது. நீலம் ஒண்ணே ஒண்ணு."

சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு பூசாரி வண்ணம் சொல்லிப் பூவை எண்ணினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாமி பூவாக்குக் கொடுக்கிறது. பொட்டலத்தில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் கட்டிப்போட்டு, எது வருகிறதோ அதன்படி நடக்கிற ஜனங்கள் நாங்கள். 'பிள்ளையார் நாலு நூலில் வாக்குச் சொல்கிறார்' என்று கூட்டத்தில் பரவ ரெண்டு நிமிசம்கூட ஆகவில்லை.

பால் சொசைட்டிக்கார அம்மா முண்டியடித்து முன்னால் வந்தது. அதன் மகளுக்கு ரெண்டு இடத்திலிருந்து கேட்டு வந்திருந்தார்கள். "செம்பட்டி மாப்பிள்ளைக்கு நீலம், வத்தலக்குண்டு மாப்பிள்ளைக்கு வெள்ளை" என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டது. அதற்குச் செம்பட்டிமேல்தான் ஆசை. பக்கத்துத் தோட்டக்காரர் பச்சை விரிந்தால் தண்ணீருக்குப் போர் போடலாம் என்றார். சிவப்பை யாரோ உள்ளாட்சித் தேர்தலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"இது வாக்கு இல்லீங்க, பல்கலைக்கழகத்துப் பரிசோதனை" என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள்.

"எல்லாமே பரிசோதனைதான் தாயி, சாமி நம்மளச் சோதிக்கிறதுதானே!" என்றார் தோட்டக்காரர்.

ஆறு மணிக்குத் தீபாராதனை. மணி அடித்து முடிந்ததும் எண்ணிக்கை. வெள்ளை முப்பத்தெட்டு. வத்தலக்குண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நீலம் மூன்றே மூன்று. சொசைட்டி அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. முந்தானையை எடுத்து நீல நூலைப் பார்த்து விசிற ஆரம்பித்தது.

"யக்கா, விசிறாதீங்க! காத்துப் பட்டா கணக்கு மாறிப்போகும்!" என்று மருமகள் அலறினாள்.

"ஒங்கணக்கு கெடக்கட்டும், எம்புள்ள வாழ்க்கை இது!"

வீட்டுக்காரி அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏழு மணிக்கு வெள்ளை எழுபத்தொன்று, நீலம் நாலு. சொசைட்டி அம்மா தூணில் சாய்ந்து மூக்கைச் சிந்த, மருமகளோ நோட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குதிக்கிறாள். இவள் ஆராய்ச்சிக்கு நீலம் விரியாமல் இருந்தால்தானே நல்லது! அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டது.

"என் வயிறு எரியுது, நீ குதிக்கிறியா?"

"யக்கா, நீலம் மருந்துத் தண்ணியில முக்குனது. விரியாம அப்படியே நிக்குறதுதான் கெட்டி."

அந்த அம்மா மூக்கைத் துடைத்துவிட்டு யோசித்தது. "அப்ப செம்பட்டி மாப்பிள்ளை அவசரப்படாத ஆளுங்கிறியா?"

"அப்படியே வச்சுக்கங்க" என்றாள் வீட்டுக்காரி, முந்தானையை விட்டுவிட்டு.

பூசாரி மட்டும் வெளியே எட்டிப் பார்த்து, "மருந்துத் தண்ணியா? என்ன மருந்து?" என்று கேட்டார். கேரம் போர்டு பவுடர் என்று நான் சொன்னதும் பிள்ளையாரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மருமகள் நடந்ததை நடந்தபடியே எழுதி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வீட்டு மேசையில் வைத்து எண்ண வேண்டியது. இடம் மாறியதால் மூன்றாவதை மூன்றாவதாகச் சேர்ப்பார்களா என்பது சந்தேகம்தான் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். ரெண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிள்ளையாரப்பா, பூவைத் தந்தவன் நான், கவுகாத்தியைத் தர வேண்டியவன் நீ என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு வீட்டாரும் வரலாம் என்று அழைப்பில் போட்டிருந்தது. நானும் வெள்ளை வேட்டி கட்டிப் போனேன். வீட்டுக்காரி, "அங்க எதையும் தொட்டுறாதீக" என்று சொல்லியனுப்பினாள். பெரிய மண்டபத்தில் வரிசையாக அட்டைகள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பம்பட்டிக்காரர் ஒருவர். அவர் மகன் ஆட்டு உண்ணியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறானாம்.

நடுவர்கள் மூன்று பேர் மருமகளின் அட்டைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாதான் பெரியவர் போலிருந்தது. சத்தமாகவே வாசித்தார்.

"மூன்றாவது பரிசோதனை நடந்த இடம், கோயில் கருவறை. காரணம், பூ தவறுதலாக இடம் மாறியது." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "யாரும்மா மாத்துனது?"

மருமகள் மாமனாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "நான்தாம்மா" என்றேன்.

மண்டபமே திரும்பியது. அந்த அம்மா என்னை அருகில் வரச்சொன்னார்.

"அபிஷேகத்துக்கு முன்னாடி போட்டீங்களா, பின்னாடியா? பூ நனைஞ்சுதா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. "பின்னாடிம்மா. நாலரைக்கு அபிஷேகம் முடிஞ்சு, தொடைச்சு, வேட்டி கட்டி, நாலே முக்காலுக்குத்தான் மாலை. ஒரு சொட்டுத் தண்ணி படலை. அஞ்சே காலுக்குப் பதினோரு வெளக்கு ஏத்துனாக. ஆறு மணிக்குத் தீபாராதனை, கற்பூரம் கூடுதல். அப்ப உள்ள நல்ல சூடு."

"நல்ல சூடுன்னா எவ்வளவு?"

"பூசாரி ரெண்டு தடவை துண்டால மொகம் தொடைக்கிற அளவும்மா."

மூன்று நடுவர்களும் அதை எழுதிக்கொண்டார்கள். எழுதத்தான் செய்தார்கள், நான் பார்த்தேன்.

"அந்தச் சூட்டுலயும் நீலம் விரியலையா?"

"நாலோட நின்னுருச்சும்மா. எங்க ஊர்ல ஒரு அம்மா அழுதே போச்சு."

அந்த அம்மா சிரிப்பை அடக்க, அட்டைக்குள் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பிறகு மருமகளிடம், மேசையில் நின்ற பூ வெக்கையிலும் நிற்கிறதா என்று தெரிவதுதானே முக்கியம், மறைக்காமல் எழுதியிருக்கிறாய், இதைத் தனியாக ஒரு பத்தியாகப் போடு என்று என்னவோ சொல்லிக்கொண்டு போனார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. மருமகளுக்கும் பிடிபடவில்லை என்பது அவள் நகம் கடித்ததில் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் முடிவு சொன்னார்கள். மூன்றாம் இடம் யாரோ. ரெண்டாம் இடம் ஆட்டு உண்ணி. தொப்பம்பட்டிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்து, கவுகாத்திக்குப் போகிறவர் என்று சொல்லிவிட்டு மைக் கொஞ்சம் கொரகொரத்து நின்றது. திரும்ப வந்தபோது என் மருமகளின் பெயரும் மல்லிகையும் ஒன்றாகக் கேட்டன.

அதற்குப் பிறகு நான் யோசித்து எதையும் செய்யவில்லை. செருப்பை நாற்காலிக்கு அடியில் கழற்றிவிட்டு, வலக்கையால் இடது காதையும் இடக்கையால் வலது காதையும் பிடித்து, மண்டபத்து நடைபாதையிலேயே தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டேன். மேடையில் கைதட்டல். மருமகள் சான்றிதழை வாங்காமல் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்தாளா, அழுதாளா என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

தொப்பம்பட்டிக்காரர் பயந்துபோய் எழுந்தார். "ஏனுங்க, பரிசு வாங்குனா இங்க இப்படிப் போடோணுங்களா? எனக்கு யாருமே சொல்லலீங்களே!"

"ரெண்டாம் பரிசுக்கு எத்தனைன்னு தெரியலீங்க. நான் இருபத்தொண்ணு போடப் போறேன்" என்றேன் மூச்சு வாங்க.

"அப்ப நான் பதினொண்ணு போட்டுர்றேனுங்க" என்று அவரும் காதைப் பிடித்துக்கொண்டார்.