என்னோடு எப்போதும் ஒத்துப்போன கர்த்தர்

உபதேசியார் உத்தியோகத்தில் ஆயிரம் வேலை உண்டு, அதில் மிகவும் தொல்லை பிடித்தது, "இதில் கர்த்தருடைய சித்தம் என்ன?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருக்கும் பாதிரியாருக்குத் தமிழ் வராது. ஆகவே ஏரியைச் சுற்றியுள்ள குப்பத்துக் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விடிந்தது. பெண்ணை அந்த வீட்டில் கொடுக்கலாமா, கும்பினிக் கப்பலில் கடல் கடந்து பத்தாவிக்குப் பிழைக்கப் போகலாமா, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். நானும் கண்ணை மூடித் திறந்து சொல்லிவிடுவேன். ஊருக்குச் சொல்வது சுலபம். தனக்கென்று கேட்கும்போதுதான் காது மந்தமாகிவிடுகிறது. என்னைப்போல் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறால் குழம்பு

ஒரே சாயங்காலத்தில் இரண்டு வீடுகளில் ஜெபத்துக்கு அழைப்பு. ஒன்று கருவாட்டு வியாபாரி வீடு. அங்கே போனால் இறால் குழம்பு நிச்சயம். இன்னொன்று ஜுரத்தில் படுத்திருந்த ஒரு நெசவுக்காரர் வீடு. அவர் வாயைத் திறந்தால் என் பிரசங்கத்தில் குற்றம் கண்டுபிடிப்பார். கொடுத்தால் கஞ்சி கொடுப்பார். முழங்காலில் நின்று ஊக்கமாக ஜெபித்தேன். வியாபாரி வீட்டுக்குப் போ என்று கர்த்தர் தெளிவாகச் சொன்னார். மழைக்காலத்தில் விடியற்கால ஜெபம் வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னவரும் அவரேதான்.

விஷயத்தை என் மனைவி ஞானம்மாளிடம் சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "உங்களுக்கு இன்னா புடிக்குதோ அதையேதான் கர்த்தரும் சொல்றாரு. நானும் அவரைத்தான் கும்புடறேன், எனக்கு ஒருநாளும் இப்புடி ஒத்துப்போனதில்லையே," என்றாள்.

தென்காற்று

ஏரிக்கு வடக்கே தீவுக் குப்பத்தில் ராகேல் என்று ஒரு பெண். அவள் புருஷன் ஈசாக்கு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் போன கட்டுமரம்தான் உடைந்து கரை ஒதுங்கியது. அன்றுமுதல் அவள் அடுப்பு மூட்டுவதில்லை, ஜெபிப்பதும் இல்லை, உபதேசியாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று படகுக்காரர் மாசிலாமணி வந்து சொன்னார். அவர் எங்கள் சபை இல்லை. குப்பத்து அம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் அவளுக்காகப் படகோடு வந்து நின்றார்.

எனக்குத் தண்ணீரைக் கண்டாலே குமட்டும். நீச்சலும் தெரியாது. கரையில் நின்று அலையைப் பார்த்தேன். பவுல் அப்போஸ்தலனையே ஆவியானவர் ஒரு நாட்டுக்குப் போகாமல் தடைபண்ணினார் என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. காற்று பலமாக இருக்கிறது, கர்த்தர் தடுக்கிறார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். மாசிலாமணி காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றார்.

"இது தென்காத்து, உபதேசியாரே. நாம போவ வேண்டியது வடக்கால. உங்க சாமி தடுக்கறாருன்னா, எதுக்குப் பின்னாலேர்ந்து தள்ளிக்கினு இருக்காரு?" என்றார்.

சிப்பிச் சீட்டு

அன்று நான் போகாததால் சில நாள் கழித்து மாசிலாமணி மறுபடியும் வந்தார். ராகேல் இப்போது படுத்த படுக்கையாகிவிட்டாளாம். இனிமேல் காற்றைச் சாக்காகச் சொல்ல முடியாது. அப்போதுதான் பாடு முறை என் நினைவுக்கு வந்தது. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குக் குப்பத்தார் சீட்டுப் போடுவார்கள். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். அப்போஸ்தலர்களும் சீட்டுப் போட்டவர்கள்தானே? ஒரு வெள்ளைச் சிப்பியையும் ஒரு கறுப்புச் சிப்பியையும் குடத்தில் போட்டேன். வெள்ளை வந்தால் போகிறது, கறுப்பு வந்தால் இருக்கிறது.

வெள்ளை வந்தது. குடத்தைச் சரியாகக் குலுக்கவில்லை என்று தோன்றியது. குலுக்கிவிட்டு எடுத்தேன், மறுபடியும் வெள்ளை. கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தது தப்பு என்று கண்ணை மூடி எடுத்தேன். கறுப்பு வந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணி துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"பாடு புடிக்க ஒரு தரம்தான் சீட்டு எடுப்போம். மீனே இல்லாத எடம் வந்தாலும் அங்கதான் போயி வலை கட்டுவோம்," என்றார்.

ராகேலின் கேள்வி

அதற்குமேல் கர்த்தரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. படகேறினேன். மூன்று தலைப்பில் ஓர் ஆறுதல் பிரசங்கம் தயார் பண்ணியிருந்தேன். பாதி வழியில், சாப்பிட்ட சாப்பாடு வெளியே வந்தபோது அதுவும் கூடவே போய்விட்டது. மாசிலாமணி தாங்கிப் பிடிக்க, ராகேலின் குடிசைக்குள் ஈர வேட்டியோடு போய் உட்கார்ந்தேன்.

அவள் கண் குழி விழுந்து கிடந்தாள். சுவர்ப்பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அன்னிக்கு அவரு கெளம்பறச்ச, போவ வேணாம்னு சொல்லணும்னு நெஞ்சுல தோணிச்சு. சொல்லல. அது கர்த்தரு சத்தமாய்யா? நான்தான் கேக்காம வுட்டேனா?"

எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடித் திறந்து தீர்ப்புச் சொன்ன வாய் இது. ஆம் என்றால் அவள் தலையில் கொலைப்பழி. இல்லை என்றால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிப் பார்த்தேன். இந்த முறை எனக்குப் பிடித்ததாக ஒன்றுகூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதம்மா என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இறால் குழம்பு, தென்காற்று, சிப்பிச் சீட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ராகேல் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து அடுப்புப் பக்கம் போனாள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தினி நாளு வராம இருந்தீங்க? அதை அப்பவே வந்து சொல்லியிருந்தா, எனக்கும் தெரியாதுன்னு எழுந்து ஒலை வெச்சிருப்பேனே," என்றாள்.

கர்த்தருடைய சத்தத்துக்கு அடையாளம் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், மற்றவர்கள் விஷயம் எனக்குத் தெரியாது, என் விஷயத்தில் அதைக் கேட்டதும் வயிற்றைக் குமட்டும் என்றுதான் சொல்கிறேன்.