ஷைலோபெக் வாசலில் முளைத்த திமில்

காலையில் கதவைத் திறந்த ஷைலோபெக் திறந்த வாயை மூடவில்லை. நேற்றுவரை மட்டமாகக் கிடந்த தார்ச்சாலை, அவர் வாசலுக்கு நேரே ஒட்டகத் திமில் போல எழுந்து நின்றது. எதிர்வீட்டுக் கழுதையின் காது மட்டும்தான் அதற்குப் பின்னால் தெரிந்தது என்று ஊரில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். முழங்கால் உயரம் என்று வைத்துக்கொண்டால் பாவமில்லை.

"ஜுமாகன்! ரோடு எந்திரிச்சிருச்சுடி!"

"ரோடு எங்கங்க எந்திரிக்கும்? சட்டி கொதிக்குது, உள்ள வாங்க" என்றபடி வந்த மனைவி, கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள்.

அத்பாஷி என்ற மலையூருக்கு மேலே உள்ள அந்தத் தெருவின் கீழ்ப்பாதிக்கு மட்டும்தான் கோடையில் தார் போட்டிருந்தார்கள். மேல்பாதி முழுக்கச் சேறு. சாலைத்துறை அதிகாரி மெதெர் அப்போதே சொல்லிவிட்டார்: "இந்தக் குளிரத் தாங்கிட்டா மேலயும் போடுறேன். வெடிச்சிருச்சுன்னா உங்க பேரன் காலம் வரைக்கும் சரளைக்கல்லுதான்."

காவல் பொறுப்பு சாலைப் பணியாளரான ஷைலோபெக்குக்கு. இலையுதிர் காலம் முழுக்க மயிரிழை விரிசலைக்கூட விடாமல் தார் காய்ச்சி ஊற்றினார். அதில் கருகிய புருவம் இன்னும் முளைக்கவில்லை. வாய்க்காலில் யாராவது அடுப்புச் சாம்பல் கொட்டினால் தெருவே அதிரக் கத்துவார். "தண்ணி தாருக்கு அடியில போயி உறைஞ்சா மலையவே தூக்கிரும்!"

மேல்பாதியில் குடியிருந்த கல்பூபு ஒருநாள் கேட்டாள்: "ஏன் தம்பி, ராத்திரி ரோட்டுக்குப் போர்வை போத்துறியாமே? ஜுமாகனுக்கு உண்டா?" கிண்டல் கிண்டல்தான், ஆனால் வசந்தம் வந்தால் சேற்றில் பூட்ஸைத் தொலைக்கிறவள் அவள். அந்தத் தாருக்காக அவளைவிட ஆசையாக யாரும் காத்திருக்கவில்லை.

குளிர்கால இறைச்சிக்கான குதிரையைப் போன வாரம் ஷைலோபெக் வீட்டில் வெட்டியிருந்தார்கள். அந்த விருந்துக்குத்தான் இன்று மெதெர் வருவதாக இருந்தது. வந்தும்விட்டார். கார் திமிலில் ஏறிக் குதித்ததில் அவருடைய தொப்பி கண்ணை மூடியது.

"ஷைலோபெக், இது என்னய்யா?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் கல்பூபு. ஷைலோபெக் அவளைக் கைகாட்டினார்.

"எல்லாம் இந்தக்கா கொட்டுற சாம்பல்தான், ஐயா!"

"என் வீட்டுச் சாம்பல் அத்தனை வாசலயும் தாண்டி உன் வாசலாப் பாத்து வந்து படுத்துச்சாக்கும்? கொழாயத் தோண்டிப் பாரு!"

ஷைலோபெக் கடப்பாரையோடு வாய்க்காலில் இறங்கினார். வாசலுக்கு அடியில் ஓடும் குழாயின் வாய் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் ஓரமாகத் தாருக்கு அடியில் புகுந்து உறைந்திருந்தது. ஓங்கிக் குத்தினார். பச்சையாக ஒரு பெரிய உருண்டை பெயர்ந்து விழுந்தது. குதிரைக் குடலில் இருந்த புல். கூடவே, பூப்போட்ட ஒரு கிண்ணம்.

"அட, என் கிண்ணம்!" என்று கத்தினாள் ஜுமாகன். "வாரம் பூரா தேடுறேன். குடல் கழுவினத வீட்டுக்குப் பின்னால எருக்குழியில கொட்டுங்கன்னுதானே குடுத்தேன்?"

ஷைலோபெக்கின் முகம் தயிர்த்தண்ணி போல வெளுத்தது. அன்று குளிர். எருக்குழி தூரம். வாய்க்கால் பக்கம். ஓடிப் போய்விடும் என்று கொட்டினார். விறைத்த கையிலிருந்து கிண்ணமும் நழுவியது. ஊருக்கெல்லாம் சொன்ன வாய், தன் கையிடம் சொல்ல மறந்திருந்தது.

"நான்தான் ஐயா கொட்டினேன்" என்றார். "ஆனா ரோட்டு மேல தப்பில்ல. என் வாசலத் தவிர எங்கயாவது ஒரு விரிசல் காட்டுங்க."

மெதெர் நடந்தார். தெருமுனைவரை போனார், குதிகாலால் தட்டித் தட்டித் திரும்பி வந்தார். கல்பூபு கூடவே நடந்தாள்.

"தண்ணி போகாத இடத்துல ஒரு சுருக்கம்கூட இல்ல. தண்ணி போன ஒரே இடம் காவல்காரன் வாசல்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மேலயும் போடுறேன். ஆனா வாய்க்காலுக்குக் காவல் இனிமே இந்தக்காதான்."

அன்றைய விருந்தில் கல்பூபுவுக்குத்தான் முதல் இருக்கை. வசந்தத்தில் அந்தத் திமில் உருகிக் குழியானது. கோடையில் தார் மேல்வீடுகள் வரை ஏறியது.

அதற்குப் பிறகு குதிரை வெட்டும் நாள் வந்தால் போதும். மேல்தெருப் பெண்கள் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வந்து, நிறைந்த கிண்ணத்தோடு அவர் வாசலில் நிற்பார்கள்.

"அண்ணே, இத எங்க கொட்டட்டும்?"

ஷைலோபெக் கதவைச் சாத்திக்கொள்வார்.