இடது கோட்டில் வாசிக்க வேண்டிய கடிதம்

கல்லூரி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை நான் நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் என் பெயர் அதில் இல்லை. ஐந்தாவது முறை படித்தால் முளைத்துவிடுமா என்ன? இருந்தாலும் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மறுபடியும் போய்ப் படித்தேன்.

அறுபதுகளில் ரங்கூனில் பந்து விளையாடிப் பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. பெரிய சர்க்கார் இலாகாக்கள் ஆளுக்கொரு கால்பந்து அணி வைத்திருந்தன. கல்லூரிப் போட்டிகளுக்கு ஆள் அனுப்பி, வேண்டியவர்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டு, பேருக்கு ஒரு குமாஸ்தா வேலையும் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் அணியிலிருந்து ஏழு பேரை எடுத்தார்கள். நான் லெப்ட் அவுட். இடது கோட்டை ஒட்டி ஓடி, பின்னாலிருந்து உயரமாக வரும் பந்தை வாங்குவது என் வேலை. "பையன் நல்லா ஓடுறான், ஆனா பந்து எங்க விழும்னு தெரியல" என்று பார்க்க வந்தவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பா மிஷன் பள்ளியில் படித்த தமிழர். ரங்கூன் கியாக்டடா பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் அம்மா பர்மியப் பெண். நான் சின்னவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அவரால் எனக்குக் குடியுரிமை அட்டை இருந்தது, அப்பாவுக்கு இல்லை. எனக்கு நிலையான வேலை கிடைத்தால் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலேயே அப்பா இருக்கலாம். இல்லாவிட்டால், அட்டை இல்லாத இந்தியர்களை ஏற்றிப்போகும் மதராஸ் கப்பல்தான். மதராஸை அவர் பார்த்ததே கிடையாது.

"லிஸ்ட்டுல இல்லேன்னா என்னப்பா, கப்பல்ல எடம் இருக்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு டைப்படிக்கத் தெரியும். அந்தத் தகுதியை வைத்து ஓர் இலாகாவில் தற்காலிக டைப்பிஸ்டாக நுழைந்தேன். அந்த இலாகாவின் அணி நல்ல அணி. மாலைப் பயிற்சிக்கு ஆள் குறைந்தால் நான் போய் நிற்கலாம் என்றார்கள். எனக்குக் கொடுத்த நாற்காலியில் பத்து நாள் முன்பு வரை உட்கார்ந்திருந்தவன் அவர்களுடைய லெப்ட் அவுட். காய்ச்சல் வந்து இரண்டே நாளில் செத்துப்போனான். இதை எனக்குச் சொன்னவர் அணித்தலைவர். மைதானத்தின் நடுவில் ஆடும் சென்டர் ஹாப். எல்லோரும் அவரைக் கோஜீ என்பார்கள், பர்மிய மொழியில் பெரியண்ணன் என்று அர்த்தம். என்னை ஞீலே, அதாவது தம்பி, என்று கூப்பிட்டார். நாங்கள் பேசியதெல்லாம் பர்மிய மொழிதான். அதை இங்கே எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் வாரமே அவர் என் மேஜைக்கு வந்து, "ஒரு கடுதாசி அடிக்கணும் ஞீலே" என்றார்.

பர்மாவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சர்க்கார் வேலையில் இருக்கும்போதே ஒருவன் செத்துப்போனால், மேலதிகாரி அவனை வேலையிலிருந்து விடுவித்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை அவன் வேலை செய்த இடத்தில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் ஆவி அந்த இடத்தை விட்டுப் போகாது. செத்தபிறகும் டியூட்டிதான். உயிரோடு இருப்பவனுக்கே லீவு தராத இலாகா என்று நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். அடித்துக் கொடுத்தேன். 'இவர் இன்று முதல் கடமையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். தம் குடும்பத்தாருடன் ஊருக்குப் போகலாம். வழியில் இவரை யாரும் தடுக்க வேண்டாம்.' அதிகாரி மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"அவன் இந்த நாற்காலியில எங்க உக்காந்தான்? அவன் வேலை செஞ்ச எடம் மைதானத்துல இடது கோடு" என்றார் கோஜீ. "அங்க நிக்கப்போறவன் நீ. நீயே படிச்சிரு. அவன் பொஞ்சாதி சனிக்கிழமை படகுல ஊருக்குப் போகுது. அதுக்குள்ள படிச்சாத்தான் கூடப் போவான்."

அன்று மாலையே படித்திருப்பேன். கடிதத்தைக் காலுறைக்குள் மடித்து வைத்திருந்தேன். ஆனால் அதற்குள் பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

மழை விட்டிருந்தது. மைதானமெல்லாம் தண்ணீர். கோஜீ பந்தை வாங்கினால் இடது பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டார். செத்துப்போனவனோடு ஆடிய பத்து வருஷப் பழக்கம். ஓங்கி ஓர் உதை. நான் கோட்டை ஒட்டி ஓடினேன். பந்து வேறெங்கோ போய், மூலைக் கொடிக்கு இருபது அடி முன்னால் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் பந்து உருளவில்லை. எகிறவும் இல்லை. காலடியில் வாங்கி நிறுத்தின பந்து மாதிரி நின்றது. சேறுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது பந்தும் அதே இடத்தில் அப்படியே நின்றது.

மூன்றாவது முறை ஓடும்போது எனக்கு முன்னால் ஓர் அடி தள்ளி, தண்ணீரில் சளக் சளக்கென்று கால் வைக்கும் சத்தம் கேட்டது. என் கால் சத்தம் எனக்குத் தெரியும். இது வேறு. குனிந்து பார்த்தேன். குட்டையில் தண்ணீர் தெறித்துக்கொண்டே போனது. தெறிக்க வைத்த கால்தான் இல்லை. ஆனாலும் நான் நிற்கவில்லை. இது ஏன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். அந்தச் சத்தம் போன வழியிலேயே ஓடினேன், அது நின்ற இடத்தில் நின்றேன். பந்து என் நெஞ்சுக்கு வந்து இறங்கியது.

கோஜீ என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, செத்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று கடிதத்தைப் படிக்கவில்லை. நாளைக்குப் படிக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதே நாளைதான். சத்தத்தைத் தொடர்ந்தால் பந்து கிடைத்தது. பந்து எங்கே விழும் என்று தெரியாதவன் என்று யாரைச் சொன்னார்களோ, அவன் ஒரு பந்தையும் தவறவிடவில்லை. அடுத்த வாரம் அணிக்குத் தேர்வு ஆட்டம். அதுவரைக்கும் மட்டும், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செத்தவனுக்கு என்ன அவசரம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் தனாக்கா சாந்தைப் பூசாமல் வந்திருந்தாள். கையில் அவன் துணி மூட்டை.

"மவுங்லே, கடுதாசி படிச்சாச்சா?" என்று, தம்பியைக் கூப்பிடுவதைப் போல, கேட்டாள். "நாளைக்குப் படகு. எறங்கற தொறைக்குத் தொறை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும், இல்லாட்டி எறங்கத் தெரியாது. படிச்சிருந்தாத்தான் நான் கூப்பிட்டா வருவாரு."

கடிதம் என் காலுறைக்குள் இருந்தது. அக்கா முறை வைத்து, "படிச்சுட்டேன் அமா" என்றேன்.

அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள். வாசல் தாண்டியதும் யாருக்கோ வழிவிடுவதைப் போல ஓரமாக ஒதுங்கி நடந்தாள். கணவன் கூடவே வருகிறான் என்று நம்பித்தான் அப்படி நடந்தாள்.

தேர்வு ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தேன். இலாகாப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள், அதில் என் பெயர் இருந்தது. ஒரே ஒரு முறைதான் படித்தேன். அப்பா கப்பலுக்குக் கொடுத்திருந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் எனக்குப் பிடித்த மீன் குழம்பு நூடுல்ஸ், மொஹிங்கா, வாங்கி வைத்துக் காத்திருந்தார். "ஆட்டத்த நானும் பாத்தேன்ப்பா. உனக்கு முன்னாடி ஓடினானே, அவன் யாரு? பதினோரு பேருதானே இருக்கணும்?" என்றார். வெயிலில் கண் கூசியிருக்கும் என்றேன். அவர் மொஹிங்காக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அந்தச் சீசன் முழுக்க விளையாடினேன். எனக்குக் கைதட்டினார்கள், பேப்பரில் பெயர் வந்தது. ஆனால் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் லேசான கால்கள், பிறகு களைத்துப்போன கால்கள். சில நாள் மூச்சு வாங்குவதும் கேட்கும். ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு திரும்பிப் பார்த்தால் மூலைக் கொடி பக்கத்தில் புல் இரண்டு பாத அளவுக்கு அமுங்கியே இருக்கும். மழையே இல்லாத நாளிலும் அங்கே ஈரம் இருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் கடிதத்தைக் காலுறை மாற்றி எடுத்துக்கொண்டுதான் போனேன். இன்றைக்குப் படித்துவிடுவேன் என்று ஒவ்வொரு முறையும் உண்மையாகவே நம்பினேன்.

கடைசி ஆட்டம் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம். இரண்டாம் பாதி. இடது கோட்டுக்கு வெளியே, கூட்டத்துக்கு முன்னால், ஊரிலிருந்து வந்திருந்த செத்தவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

நான் ஓடி வந்து அவள் எதிரில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஓர் அடி தள்ளி, வெறும் இடத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கடைசியில் கால்களைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கீங்களா?" என்றாள். "தொறைக்குத் தொறை கூப்பிட்டேனே. வீட்டுல உங்களுக்குத் தண்ணி வெச்சு வெச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு கொறையல. எம்மேல கோவமோன்னு நெனச்சேன். கடுதாசி படிச்சாச்சுன்னு சொன்னாங்களே, ஏன் வரல?"

அவள் அழவில்லை. கணவன் தன்னோடு கோபித்துக்கொண்டான் என்று இத்தனை மாதம் நினைத்திருக்கிறாள். அதுதான் என்னை அறுத்தது.

"நான் படிக்கல அமா" என்றேன்.

பின்னால் கோஜீ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. முன்னால் அந்தக் கால்கள் ஓடத் தொடங்கின. நான் ஓடவில்லை. குனிந்து காலுறையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். வியர்வையில் மை ஊறியிருந்தது. எனக்கு அது மனப்பாடம். அவன் பெயரைச் சொல்லி உரக்கப் படித்தேன். கூட்டம் என்னைத் திட்டியது. பந்து மூலைக் கொடிக்கு முன்னால் விழுந்து, முதல் முறையாக எகிறி, உருண்டு வெளியே போனது. 'வழியில் இவரை யாரும் தடுக்க வேண்டாம்' என்று முடித்து நிமிர்ந்தபோது அவள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அன்று போலவே ஓரமாக ஒதுங்கி நடந்தாள். புழுதியில் அவள் தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசைத் தடமும் விழுந்துகொண்டே போனது.

கோப்பை போயிற்று. அடுத்த சீசன் பயிற்சியில் நான் ஓடினேன். பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்னால் சத்தமே இல்லை. பத்தே நாளில் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள், வேலையும் போயிற்று. எனக்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனுவை மறுபடி எழுதி வைத்திருந்தார். அவரைத் தனியே அனுப்ப மனசு கேட்கவில்லை. நானும் எழுதினேன்.

இலாகாவில் என் கடைசி வேலை, என்னை விடுவிக்கும் கடிதத்தை நானே டைப்படித்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கோஜீயிடம் கொடுத்தேன். உயிரோடு இருப்பவனுக்கு இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இடது கோட்டில் நின்று படித்துவிடுங்கள் என்றேன். வாங்கி மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டார்.

கப்பல் புறப்படும் காலை ஜெட்டிக்கு வந்திருந்தார். புது லெப்ட் அவுட் யாரும் சரியில்லை, பந்து எல்லாம் வீணாகப் போகிறது என்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், கப்பலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படிச்சுட்டேன் ஞீலே."

மதராஸுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மழை பெய்த சாயங்காலங்களில் நான் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே என் பாதம் இரண்டும் நனைந்து போகிறது. துடைத்தால் மறுபடி நனைகிறது. இடது கோட்டில் ஓடியதைப் போல மூச்சு வாங்குகிறது. கோஜீ பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். நானும் அதே குரலில்தான் அவளிடம் சொன்னேன்.