எந்தத் தட்டுக்குச் சிரித்தார்?

அந்தப் படம் பெரம்பலூர் தியேட்டரில் ஓடியபோது நாங்கள் போகவில்லை. போனவர்கள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்கள். குரும்பலூர் போகிற ரோட்டில் புதிதாக முளைத்திருந்த எங்கள் காலனியிலிருந்து குடும்பத்தோடு போய் வந்த டீச்சரம்மா, "குடும்பப் படம்னு போட்டிருந்தான். குடும்பமா அது? தூ!" என்று குழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஊரே காறித் துப்பிய படம் எப்படி எங்கள் காலனியின் செல்லப் படமானது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். கேபிள்காரர் தன் லோக்கல் சானலில் அதைப் போட ஆரம்பித்தார். போன் செய்து கேட்டால் கேட்ட படத்தைப் போடுவார். அந்த சிடி சிக்கிக்கொண்டால் இந்தப் படத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். படத்திலும் எங்கள் காலனி மாதிரியே வரிசை வீடுகள், அதில் ஒரு குடும்பம். மாமியாரை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். மாமனார் செத்த மாதிரி படுத்துக்கொண்டு, யார் அழவில்லை என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். மருமகள் சாமி வந்த மாதிரி ஆடிப் பட்டுப்புடவை கேட்பாள். காலனியில் முதலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள், பிறகு சாத்த மறந்தார்கள். டீச்சரம்மா வீட்டிலிருந்து வசனம் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். அவ்வளவு மனப்பாடம்.

நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படத்தைவிடப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்தான் ருசி. யார் எதற்குச் சிரிக்கிறார்கள், யார் சிரித்துவிட்டு மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. படத்தின் நடுவில் ஒரு சாப்பாட்டுக் காட்சி வரும். சாம்பாரில் உப்பில்லை என்று புருஷன் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிப்பான். பெண்டாட்டி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகத் தன் தட்டை எடுத்து அதே சுவரில் அடிப்பாள். அப்புறம் பிள்ளைகள், மாமியார், கடைசியில் கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆள்வரை ஆளுக்கொரு தட்டு. ஆண்கள் முதல் தட்டுக்கே சிரித்துவிடுவார்கள். பெண்கள் இரண்டாவது தட்டு பறக்கும்வரை காத்திருந்து சிரிப்பார்கள்.

இதை அக்காவிடம் சொன்னேன். பி.எட். முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காக வீட்டில் காத்திருந்தாள் அவள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்பா எந்தத் தட்டுக்குடி சிரிக்கிறாரு?"

"மொதத் தட்டுக்கு."

அவளுக்கும் தெரியும். எங்கள் அப்பா வெளியில் அத்தனை பேருக்கும் நல்லவர். சோற்றின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் என்ன ஆகுமோ, தட்டு பறக்கும். அவர் குரல் ஏறியதுமே அக்காவும் நானும் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொள்வோம். சுடு சாம்பார் தெறித்தால் பாதம் எரியும். அம்மா சோற்றைக் கையால் கூட்டி அள்ளுவாள். நசுங்கிப்போன எவர்சில்வர் தட்டில் பிறகு அவளே சாப்பிடுவாள். வளர்ந்து, பாவாடை போய் சுடிதார் வந்த பிறகும், டிவியில் அந்தக் காட்சி வந்தால் எங்கள் இருவரின் காலும் தானாக உள்ளே போகும்.

அக்காவுக்கு ஒரே பயம்தான். போகிற வீட்டிலும் தட்டு பறந்தால்? அதைப் பெண் பார்க்க வருகிறவனிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் பெண் வாயாடி என்று எழுந்து போய்விடுவார்கள்.

அரியலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நாலரை மணிக்கு ராகுகாலம். அதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி பஸ் ஏறிவிடுவார்கள், ஆனால் இங்கே வந்த பிறகு ஆறு மணி ஆகாமல் பெண்ணை வெளியே அழைக்க முடியாது. அதுவரை பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் டிவி ஓடும். அக்காவுக்கு யோசனை அங்கேதான் உதித்தது.

"நீ கேபிள்காரருக்குப் போன் பண்ணி அந்தப் படத்தைப் போடச் சொல்லு. நான் உள்ள இருப்பேன், எனக்கு அங்க நடக்குறது தெரியாது. நீ அவரு மூஞ்சியவே பாரு."

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு பிடித்த வேலையைக் கொடுத்ததில்லை.

வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும். படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சங்கடப்பட்டு அணைக்கப் போனார்.

"இருக்கட்டுங்க, நல்லா சிரிப்பாத்தானே இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எனக்கு உயிர் வந்தது.

பீரோ காட்சிக்கு மாப்பிள்ளை நன்றாகவே சிரித்தார். ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற மாமனாருக்கு வாய்விட்டுச் சிரித்தார். ஆள் சிடுமூஞ்சி இல்லை என்று தெரிந்தது. நான் சுவரோரமாக உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், இந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறு என்றுகூட அவர் நினைத்திருக்கலாம்.

சாப்பாட்டுக் காட்சி வந்தது. முதல் தட்டு பறந்தது. இரண்டு அப்பாக்களும் சேர்ந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. இரண்டாவது தட்டு பறந்தது. அவருடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். மாப்பிள்ளை அதற்கும் சிரிக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. சலிப்போடு தலையைக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவருடைய இரண்டு பாதங்களும் நாற்காலிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இழுத்து வைக்கப்பட்டிருந்தன.

சமையலறைக்கு ஓடினேன். அக்கா காபி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்குமே சிரிக்கலக்கா. காலை உள்ள இழுத்துக்கிட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆறு மணி அடித்ததும் காபியை எடுத்துக்கொண்டு போய் நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு அப்பா கேட்டதற்குச் சரி என்று சொல்லிவிட்டாள்.

பஜ்ஜி சுட்ட வாணலியைக் கொல்லையில் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். படம் ஓடிய நேரம் முழுக்க அடுப்பை விட்டு நகராதவள் அவள்.

"மாப்பிள்ளை எந்தத் தட்டுக்குடி சிரிச்சாரு?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மட்டும்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருந்தேன். சொன்னேன். அம்மா வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினாள்.

என்றாலும் எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. பறந்த தட்டைப் பார்த்து வளர்ந்தவன், தன் கையில் தட்டு வந்தால் என்ன செய்வான்? கால் இழுத்துக்கொண்டதை வைத்துக் கையைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? அக்காவைப் பார்க்க அரியலூர் போகும்போதெல்லாம் அவள் வீட்டுத் தட்டுகளைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்றில்கூட நசுங்கல் இருக்காது. அப்போதும் மனம் முழுதாக நம்பவில்லை.

சில வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிவியில் அதே படம். அக்காவின் மகள் காலை நன்றாக நீட்டிப்போட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். முதல் தட்டு பறந்தது. என் கால் வழக்கம்போல உள்ளே போனது. குழந்தையின் கால் நீட்டியது நீட்டியபடியே இருந்தது. அவள் வாயைத் திறந்துகொண்டு சுவரில் வழிகிற சாம்பாரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, நெசமா யாராச்சும் சோத்தத் தூக்கி எறிவாங்களா?"

நான் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவை, அக்காவின் புருஷனை, பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார், அவளுடைய நீட்டிய காலைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் காட்சிக்கு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.