மஞ்சள் தண்ணீரில் கரைந்த அண்ணனின் முகம்

வாவியில் மீன்பிடிக்கப் போன அண்ணன் வெடிபட்டுச் செத்துப்போனார். முன்பு சண்டையில் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்களெல்லாம் தொலைந்திருந்தன. முப்பத்தோராம் நாள் சடங்குக்காக, அவருடைய கூட்டாளியின் கமராவில் கிடந்த படத்தைக் களுவாஞ்சிக்குடிக் கடையில் அச்செடுக்கக் கொடுத்தேன்.

"கம்பனி மையா, ஊத்தி நிரப்புற ரீபில் மையா தம்பி? ரீபில் மலிவு," என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் ஒண்டுதானே, மலிவில எடுங்க."

வீட்டில் படத்தைக் கதிரையில் வைத்து, வழக்கப்படி அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அண்ணனின் கண்ணும் வாயும் ஒழுகி இறங்கின. அம்மா பதறிக் கையால் துடைக்க, முகமே இல்லாமல் போயிற்று.

"ஐயோ, என்ட புள்ளய நானே அழிச்சுப்போட்டனே!"

கடைக்கு ஓடினேன். நல்லகாலம், படம் கம்பியூட்டரில் இருந்தது. கம்பனி மையில் எடுத்து, கண்ணாடியும் போட்டேன்.

இப்போதெல்லாம் எந்த மையென்றாலும், மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் படத்தை வாங்குகிறேன். அம்மா இன்னும் அண்ணனின் படத்தைத் தொடுவதில்லை.