கத்தரி படாத சிவப்புப் பட்டு

போன சனிக்கிழமை என் காற்சட்டையின் இடுப்பை விரிக்கக் கொடுப்பதற்காக ஜெசிந்தா அக்காவிடம் போயிருந்தேன். இதே காற்சட்டையைச் சுருக்கக் கொடுத்ததும் அவரிடம்தான். அது ஒரு காலம்!

கிரவீன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அக்காவைத் தெரியும். மன்னார்க்காரி. வீட்டுக் கராஜில் இரண்டு தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு அரைவாசி சிட்னியின் சாறி பிளவுஸ்களைத் தைத்துத் தள்ளுபவர்.

அன்று பிளவுஸ் ஒன்றையும் காணோம். மேசை முழுக்கச் சிவப்பு... கழுத்து உயர்ந்து, கால்வரை நீண்ட ஒரு சீனப் பட்டு அங்கி. கராஜ் கதவு வழியாக வந்த மாலை வெயில் அதன்மேல் பட்டு, சுவர், கூரை, அக்காவின் நரைமுடி எல்லாமே இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. நான் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

"தம்பி, அந்தக் கதிரையில இருங்கோ. இண்டைக்கு நான் வேற உலகத்தில நிக்கிறன்" என்றார் அக்கா.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருத்தி மிஷெல், இருபத்திரண்டு வயது நர்ஸ். நல்ல வாட்டசாட்டமான, சிரித்த முகமுள்ள பெண். ஆனால் அன்று சிரிக்கவில்லை. மற்றவர் திருமதி வொங், அறுபதை நெருங்கியவர். இங்குள்ள ஒரு சீனச் சங்கத்தின் செயலாளர்.

அந்தச் சங்கம் வருடாவருடம் தங்கள் பெண்களில் ஒருத்தியை ராணியாகத் தேர்ந்தெடுக்கிறது. சீனப் புத்தாண்டு ஊர்வலத்தில் அவள் வண்டியேறி வருவாள். முதல் ராணி உடுத்த அதே பட்டு அங்கியைத்தான் எல்லா ராணிகளும் உடுத்த வேண்டும். ஒவ்வொருத்திக்கும் அளவு மாற்றித் தைப்பார்கள்... ஆனால் துணியில் கத்தரி வைக்கக் கூடாது! புத்தாண்டு நேரத்தில் கத்தரி எடுத்தால் அதிர்ஷ்டம் அறுந்துவிடுமாம். மடித்து உள்ளே விடலாம். வெட்டக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு ராணியும் தனக்குப் பிடித்த நிறத்தில் நூல் கொடுப்பாள். அடுத்த வருடம் தையலைப் பிரித்தாலும், அக்குளுக்குக் கீழே அந்த நூலின் முடிச்சை மட்டும் விட்டுவிடுவார்கள். அக்கா உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று வரிசையாகக் குட்டிக் குட்டி முடிச்சுகள்.

திருமதி வொங் அவற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கதை சொன்னார். தங்கள் பெண்களை யாரும் மேடையேற்றாத காலத்தில் ஒரு உணவகத்தின் மாடியில் இந்த ராணித் தேர்வு தொடங்கியதாம். முதல் ஊர்வலத்துக்குக் காய்கறி லொறியைக் கழுவி, பூக்கட்டி எடுத்தார்களாம். லொறி போன வழியெல்லாம் பூவோடு வெங்காயத்தாள் வாசமும் வந்ததாம்! பிறகு ஆள் சேராமல் நின்றுபோன வருடங்கள். பிறகு வீட்டில் சீனம் பேசாத பிள்ளைகள் வந்து, மேடையில் நாலு வரி மனப்பாடம் செய்து ஒப்பித்த வருடங்கள்... கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. ஒரு ஊர்வலமே அந்தத் துணிக்குள் மெதுவாக நடந்து போவதுபோல.

இந்த வருட ராணி மிஷெல். ஆனால் அவளுக்கு அங்கி பொருந்தவில்லை. பக்கத்துக்கு நாலு விரல் போதவில்லை. ஊர்வலமோ அடுத்த ஞாயிறு.

"கமிட்டி ஒரு யோசனை சொல்கிறது" என்றார் திருமதி வொங், அவளைப் பார்க்காமலே. "நீ வேறு உடுப்பு போடலாம். இந்த அங்கியை உனக்குப் பக்கத்தில் ஹேங்கரில் தொங்கவிடலாம்..."

யோசனையா அது? ஊரெல்லாம் பார்க்க, 'இவளுக்குக் கொள்ளவில்லை' என்று போர்டு எழுதிப் பிடிப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

"வேண்டாம். நான் விலகிக்கொள்கிறேன். முதல் ராணி மூங்கில் மாதிரி இருந்தாராம். நான் அப்படியா?" என்றாள் மிஷெல். குரல் உடைந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவருடைய ஆங்கிலமும் மன்னார்த் தமிழ்போலத்தான் ஒலிக்கும். "கொஞ்சம் பொறு பிள்ளை. இதுக்குள்ள நிறையத் துணி கிடக்கு. கனத்தைப் பாரன்."

லைனிங்கைப் பிரித்தார். உள்ளே ஒரு மடிப்பு. அதைப் பிரித்தால் இன்னொரு மடிப்பு. முந்திய தையற்காரர்கள் மேல் மடிப்போடு வேலையை முடித்திருக்கிறார்கள். யாரும் இவ்வளவு உள்ளே போனதில்லை. பட்டு விரிந்துகொண்டே வந்தது. வெயில் படாத அந்தச் சிவப்பு... அப்படியொரு சிவப்பை நான் பார்த்ததில்லை!

கடைசி விளிம்பில் ஒரு தையல் வரிசை அப்படியே இருந்தது. பிரிக்கப்படாத பழைய நூல்.

"இது மெஷின் தையல் இல்ல, கைத்தையல்" என்றார் அக்கா. "முடிச்சு வரிசையில முதல் முடிச்சும் இந்த நூல்தான். அப்ப இதுதான் முதல் ராணிட அளவு." அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். பிறகு மிஷெலின் மேல் வைத்தார். ஒரே அளவு! ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

திருமதி வொங் போனைத் திறந்து முதல் ராணியின் படத்தைத் தேடி எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். அழகான முகம். முகத்துக்குக் கீழே, வாரி அணைத்த பெரிய பூங்கொத்து. உடம்பையே காணோம்! மூங்கிலை இத்தனை வருடமும் யார் கண்டார்கள்?

மிஷெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். திருமதி வொங் சிரிக்கவில்லை. அக்குளுக்குக் கீழே இருந்த பச்சை முடிச்சைத் தொட்டார்.

"இது நான்" என்றார். "என் வருடத்தில் ஒரு விரல் இறுக்கம். விரிக்கவா என்று கேட்டார்கள். முதல் ராணியைவிடப் பருமன் என்று சொல்லிவிடுவார்களே என்று வேண்டாமென்றேன். மூன்று வாரம் வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான். வண்டியில் மயங்கி விழப் பார்த்தேன். அதெல்லாம்... யாருக்காக?"

மிஷெல் அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அக்கா இரண்டு பேரையும் பார்க்காததுபோல நூற்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களும் இப்படித்தானே? முன்னால் போனவர்களை இல்லாத அளவுக்கு மெலிய வைத்துவிட்டு, அவர்களுடைய சட்டைக்குள் பிள்ளைகளைத் திணிக்கப் பார்க்கிறோம்.

திருமதி வொங் மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி செயலாளர் ஆனார். "மிஷெல், ஞாயிற்றுக்கிழமை காலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் நீ வண்டியில் ஏற வேண்டும். இது கமிட்டி உத்தரவு."

கமிட்டி எப்போது கூடியது என்று நான் கேட்கவில்லை!