நாக்கால் பார்த்து வாங்கிய லேத்

கனடாவில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் என் மச்சான் போன கிழமை வீடியோவில் வந்தார். பொழுதுபோக்குக்குச் சின்னச் சாமான்கள் கடைய ஒரு லேத்தும் மில்லிங் மெசினும் வாங்கப்போகிறாராம். கடையில் நின்றே இரண்டையும் காட்டினார். கைபேசிக்குள்ளால் மணம் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நெடுந்தீவில் கதிரையில் இருந்த என் மூக்கில் அந்தக் கிறீஸ் மணம் ஏறியது.

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் முதல் லேத்தைத் தெரிந்தெடுப்பதில் என்னை மிஞ்ச இந்தத் தீவுகளில் ஆளில்லை. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் பிறத்தியாரின் மெசினில் கடைந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். என் சிநேகிதன் அந்தோனியின் வள்ளம் கரையில் கிடந்தது. எஞ்சினின் தண்ணீர்ப் பம்பில் ஒரு பித்தளை புஷ் தேய்ந்துவிட்டது. விரல் தடிப்பில் ஒரு சின்ன வளையம்தான். யாழ்ப்பாணத்தில் கடையக் கொடுத்தால் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்பார்கள். ஒவ்வொரு தடவையும் கடல் தாண்ட வேண்டும். மீன் படுகிற காலமோ போய்க்கொண்டிருந்தது. சொந்தமாக மெசின் வாங்கி வந்து நானே கடைந்து தருகிறேன் என்று கோயில் வாசலில் பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

“நீர் வெறுங்கையோட வந்தீரெண்டால் இந்த வருசம் என்ரை அடுப்பு எரியாது,” என்றான் அந்தோனி.

யாழ்ப்பாணத்தில் பழைய மெசின் விற்பவரிடம் இரண்டு லேத் நின்றன. ஒன்று புதுப் பெயின்ற் அடித்து மணவாளன் மாதிரி. மற்றது எண்ணெய்க் கறுப்பு. சாமானைக் கவ்வும் ‘சக்’கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், இரண்டிலும் அசைவில்லை. மனம் மினுங்கலில்தான் விழுந்தது. ஆனால் தீவான் எவனும் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்காமல் காணி வாங்கமாட்டான். அந்தப் பழக்கத்தில், மினுங்கலின் நீட்டுத் திருகாணி இடுக்கில் நகத்தை விட்டு, வந்த ஊத்தையை நாக்கில் வைத்தேன்.

“அண்ணை, இது சாப்பாட்டுச் சாமான் இல்லை,” என்றார் விற்பவர்.

“ஓம் தம்பி. உப்பும் கூடிப்போச்சு.”

அவர் முகம் விழுந்தது. வள்ளத்தில் ஏற்றும்போது கடலுக்குள் போனதை எடுத்துத் துடைத்துப் பெயின்ற் அடித்ததாக ஒத்துக்கொண்டார். கறுப்பில் வெறும் எண்ணெய்க் கசப்பு. கறுப்பை வாங்கினேன். மில்லிங் மெசின் ஒன்றும் நின்றது, கை அரித்தது. ஆனால் எந்த அளவு மில்லிங் வேண்டும் என்பதை லேத்தில் கொஞ்சக் காலம் வேலை செய்தால்தான் தெரியும். மச்சானுக்கும் இதைத்தான் சொன்னேன்.

குறிகட்டுவான் துறையில் நாலு பேர் பிடித்து லேத்தை வள்ளத்தில் இறக்கினோம். அடுத்த நாள் ஜெனரேற்றரைப் போட்டு, ஊரே பார்க்கக் கடைந்த முதல் புஷ் லூசாகப் போயிற்று. அவசரத்தில் கூடக் கடைந்துவிட்டேன் என்பதை இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது கச்சிதமாக இருந்தது. அந்தோனி எஞ்சினைச் சுற்றி ஸ்ரார்ட் பண்ணினான். பக்கக் குழாயால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

“வாய்க்காரன் எண்டுதான் நினைச்சனான்,” என்றான். அப்படியே வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான்.

அந்த நாட்களில் எங்கள் துறையில் தினமும் இரண்டு மூன்று பேர், உடைந்த துண்டை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு யாழ்ப்பாணம் போக நிற்பார்கள். இப்போது ஒருவரையும் காணமுடியாது. புது எஞ்சின்கள் வந்ததால் என்பார்கள், நம்பாதீர்கள். அவை வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்த வரிசையைக் கலைத்தவன் நான்.